ஒற்றி வீட்டில் சாய்ந்த ஏணி

என் மனைவி குணலட்சுமிக்குச் சீதனமாக இரண்டு வீடு வந்தது. ஒன்றில் நாங்கள் இருக்கிறோம். வேலி அடைத்த அடுத்த வளவில் இருக்கும் மற்ற வீட்டில் எட்டு வருடமாக ஒருவரும் இல்லை. ஆனால் அதை வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துப் பெருமூச்சு விட இரண்டு பேர் இருந்தார்கள். இந்தப் பக்கத்து வேலியில் குணலட்சுமி. அந்தப் பக்கத்து வேலியில் அவளுடைய பெரியப்பா மகன் பஞ்சலிங்கம்.

எங்கள் வழக்கப்படி சீதன வீடு மனைவிக்கே சொந்தம். ஆனால் அவள் அதை விற்பதற்கோ ஒற்றி வைப்பதற்கோ கணவனுடைய சம்மதம் எழுத்தில் வேண்டும். ஆகவே அந்த வீட்டில் எனக்கென்று இருந்தது ஒரு கையெழுத்து மட்டும். அதையும் எண்பத்துநாலில், குணலட்சுமியின் தம்பியை ஜேர்மனிக்கு அனுப்புவதற்காக வீட்டைப் பஞ்சலிங்கத்துக்கு ஒற்றி வைத்தபோது, நொத்தாரிசுக்கு முன்னால் போட்டு முடித்துவிட்டேன். தம்பி ஜேர்மனியில் நன்றாக இருக்கிறான். வீட்டை மீட்டுத் தருவதாகச் சொன்னவன், இடைக்கிடை பனி விழுவதைப் படம் எடுத்து அனுப்புவான்.

ஒற்றி எப்படி வேலை செய்கிறது என்று சொன்னால்தான் மிச்சம் விளங்கும். ஈடு வேறு, ஒற்றி வேறு. ஈட்டில் கடன் வாங்கியவர் வட்டி கட்டுவார்; வளவு அவர் கையிலேயே இருக்கும். ஒற்றியில் வட்டி என்ற பேச்சே இல்லை. வட்டிக்குப் பதிலாக வளவையே கையில் கொடுத்துவிடுவது. மீட்கும் நாள்வரை மாங்காய், தேங்காய், கிணற்றுத் தண்ணீர் எல்லாம் ஒற்றிக்காரருக்கு. மண்ணும் சுவரும் சொந்தக்காரருக்கு.

இது ஒரு மாமரத்துக்கு மிகவும் பொருத்தமான ஏற்பாடு. மாமரம் தன்பாட்டில் காய்க்கும், பறிக்க வேண்டியதுதான். வீடு காய்ப்பதில்லை. வீடு ஒழுகும். ஒழுகுகிற கூரையை யார் திருத்துவது என்று நொத்தாரிசு எழுதிய உறுதிப் பத்திரத்தில் ஒரு வரியும் இல்லை. எழுதும்போது கூரை நன்றாக இருந்ததால் ஒருவருக்கும் அந்த நினைப்பு வரவில்லை.

பஞ்சலிங்கம் வீட்டை ஒற்றிக்கு எடுத்தது அங்கே நின்ற கறுத்தக்கொழும்பான் மாமரத்துக்காகவும், தன் வெங்காயத் தோட்டத்துக்கு வேண்டிய கிணற்றுக்காகவும்தான். வீட்டைப் பூட்டித் திறப்பை இடுப்பில் சொருகிவிட்டார். முதல் மாரியில் ஓர் ஓடு வழுகியது. ஒவ்வோர் ஓட்டின் அடியிலும் இரண்டு சின்னக் குமிழ் இருக்கும். அவை குறுக்கே ஓடும் மெல்லிய மரச் சலாகையில் கொழுவிக்கொண்டு நிற்கும். மேல் ஓடு கீழ் ஓட்டின் தலையை மூடும். ஓர் ஓடு வழுகினால் மழை நேரே சலாகையில் விழும். சலாகை உக்கினால் அதில் கொழுவிய ஓடுகள் எல்லாம் வழுகும். ஆக, ஓர் ஓட்டைத் தள்ளி வைக்க வேண்டிய வேலை எட்டு வருடத்தில் அரைக் கூரையாக வளர்ந்துவிட்டது.

இதைப் பற்றி வேலியில் நடக்கும் பேச்சு எனக்குப் பாடம்.

“பஞ்சண்ணை, வீடு பாழாப் போகுது பாத்தியளே?”

“ஓம் தங்கச்சி. பாக்கப் பாக்க வயித்தைப் பத்துது. உன்ரை வீடெல்லோ.”

“வீடு என்ரைதான். ஆனா திறப்பு உங்கடை இடுப்பிலையெல்லோ கிடக்குது.”

“திறப்பு என்ன திறப்பு. கதவு தன்பாட்டிலை விழுந்திடும் போலை கிடக்கு.”

அதற்குப் பிறகு இரண்டு பேரும் ஒன்றாக “ச்சா” என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கத் தங்கள் தங்கள் குசினிக்குப் போவார்கள்.

தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு ஆவணியில் யசிந்தா வந்தாள். குருநகரிலிருந்து எங்களுக்கு வழமையாக மீன் கொண்டுவருகிறவள். கடற்கரைப் பக்கம் ஷெல் விழத் தொடங்கியபின் அவளும் புருஷன் சிமியோனும் மூன்று பிள்ளைகளும் ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தார்கள். பள்ளிக்கூடத்துக்கு வகுப்பறை தேவைப்பட்டது. வழக்கம்போல வாசலில் வந்து நின்றாள். இந்த முறை ஓலைக் கடகத்தில் மீன் இல்லை, ஒரு கோழி இருந்தது. பின்னால் சிமியோன் தன் வள்ளத்தின் பாயைச் சுருட்டித் தோளில் வைத்துக்கொண்டு நின்றான். வள்ளத்தைக் கரையில் விட்டவனுக்குப் பாயை விட மனம் வரவில்லை.

எங்கள் வீட்டுக்குள்ளே ஏற்கெனவே அளவெட்டியிலிருந்து இடம்பெயர்ந்து வந்த என் தங்கை குடும்பம் இருந்தது. ஆகவே விறாந்தையைக் கொடுத்தோம். வெயில் காலத்துக்கு அது நல்ல இடம். ஆனால் மாரி மழை வடகிழக்கிலிருந்து சாய்ந்து அடிக்கும். எங்கள் விறாந்தையும் வடகிழக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. யசிந்தாவின் கடைசிப் பெட்டைப் பிள்ளைக்கு ஈரம் பட்டால் முட்டு வந்து மூச்சு இழுக்கும். போன மாரியில் அவளைத் தூக்கிக்கொண்டு இரவிரவாக ஆஸ்பத்திரிக்கு ஓடியதாக யசிந்தா சொன்னாள். ஐப்பசி பிறந்ததும் அவள் வானத்தைப் பார்த்தாள், பிறகு அடுத்த வளவுக் கூரையைப் பார்த்தாள்.

“அக்கா, உந்த வீட்டிலை நாங்கள் இருக்கட்டோ?”

“எனக்கு ஒரு மறுப்பும் இல்லை யசிந்தா. வீடு என்ரை. ஆனா ஒற்றி அவருக்கு. அவரிட்டை ஒரு வார்த்தை கேள்.”

யசிந்தா வேலியைச் சுற்றிக்கொண்டு போனாள்.

“எனக்கென்ன பிள்ளை, தாராளமா இருங்கோ. ஆனா சுவர் அவளின்ரையெல்லோ. அவளிட்டை ஒரு வார்த்தை கேள்.”

யசிந்தா வேலியைச் சுற்றிக்கொண்டு திரும்பி வந்தாள். இப்படி நாலைந்து தரம் நடந்தாள். இரண்டு பக்கமும் மரியாதைக்குக் குறைவில்லை. ஒரு பக்கம் தேத்தண்ணி, மற்றப் பக்கம் மோர்.

கடைசியில் என் முன்னால் வந்து குந்தினாள். “மாஸ்ரர், ரெண்டு சொந்தக்காரர் உள்ள வீட்டுக்கு ரெண்டு கூரை இருக்க வேணும். இஞ்சை என்னெண்டால் ஒண்டையும் காணேல்லை. ரெண்டு பேரும் நல்ல சனம். ஏன் உப்பிடி?”

இப்படி ஒரு கேள்விக்காக நான் எட்டு வருடமாகக் காத்திருந்தேன். கதிரையை இழுத்துப் போட்டேன்.

“தொடங்கிட்டார்” என்றது குசினிக்குள்ளிருந்து ஒரு குரல்.

யசிந்தாவுக்கு ஈடு, ஒற்றி, உறுதி, ஓட்டின் குமிழ் எல்லாவற்றையும் சொன்னேன். உள்ளே விடுகிறவர் கூரையைத் திருத்தித்தான் விட வேண்டும். அதனால்தான் “இரு” என்ற சொல்லை இருவரும் மற்றவர் வாயில் வைக்கப் பார்க்கிறார்கள் என்றேன். அவள் கவனமாகக் கேட்டாள். பிறகு என் மாணவர்கள் ஒருவரும் கேட்காத மாதிரிக் கேள்வி கேட்டாள்.

“அப்ப, அவர் கூரை போட்டா அக்காவுக்கு நட்டமோ?”

“ஓம். மீட்கப் போகேக்கை கூரைச் செலவையும் சேர்த்துத் தா எண்டு கேட்பார். பேந்து அவவாலை மீட்க ஏலாது.”

“அக்கா போட்டா?”

“பஞ்சலிங்கம் பயப்பிடுவார். கூரை போடுறாள் எண்டால் மீட்கப் போறாள் எண்டு அர்த்தம். மாமரமும் கிணறும் போயிடும்.”

“அப்ப தாங்கள் போடப் பஞ்சி, மனமில்லை. ஆனா மற்றவர் போட்டிடுவார் எண்டு அதைவிடப் பயம்.”

“சரியாச் சொன்னாய்.”

“ஆரும் போடாட்டி?”

“வீட்டுக்கு நட்டம்.”

“ம்” என்று சொல்லிவிட்டு யசிந்தா எழுந்து தன் கோழியைத் தேடிக்கொண்டு போனாள்.

அடுத்த நாள் கோழி ஒற்றி வீட்டுக் கூரையில் ஏறிவிட்டதாம். முகட்டுக்குப் பக்கத்தில், ஓடு விழுந்த ஓர் இடத்தில் முட்டை இட்டிருக்கிறது என்று யசிந்தா சொன்னாள். முட்டையை எடுக்க வேண்டுமே. பஞ்சலிங்கத்திடம் போய் ஏணி கேட்டாள். அவர் கொடுத்தார். கோழிக்கு ஏணி கொடுப்பதால் ஒற்றிக்கு ஒரு பழுதும் வராது. யசிந்தா ஏணியைக் கொண்டுபோய் வீட்டுச் சுவரில், எங்கள் பக்கத்தில், நன்றாகத் தெரியும்படி சாய்த்து வைத்தாள்.

பின்னேரம் குணலட்சுமி வேலிக்குப் போனவள் ஓடி வந்தாள்.

“இஞ்சேருங்கோ! பஞ்சண்ணையின்ரை ஏணி எங்கடை வீட்டுச் சுவரிலை நிக்குது!”

“அது யசிந்தாவின்ரை கோழி...”

“கோழிக்கு ஏன் ஏணி? அதுக்குச் செட்டை இருக்கு.”

“முட்டைக்கு, குணம். முட்டைக்குச் செட்டை இல்லை.”

“நீங்கள் சும்மா இருங்கோ. எட்டு வருசமா ஏறாத ஏணி இப்ப ஏன் ஏறுது? கூரையைப் போட்டு, கிடக்கிற செலவெல்லாத்தையும் என்ரை தலையிலை கட்டப் பாக்கிறார்.” மூக்குத்தி மின்னியது. “நான் அவருக்கு முந்துறன்.”

எங்கள் மாட்டுக் கொட்டிலுக்கு ஓடு போட்டிருந்தோம். அன்று பொழுதுபடுவதற்குள் ஓடு கழன்று, மாடு ஓலைக்குக் கீழே வந்துவிட்டது. ஓடுகள் வேலியால் கைமாறி அடுத்த வளவில் அடுக்கப்பட்டன. என்னைக் கொண்டே அடுக்கச் செய்தாள்.

காலையில் பஞ்சலிங்கம் வெங்காயத்துக்குத் தண்ணீர் கட்ட வந்தார். ஓட்டைக் கண்டார். வரம்பை வெட்டித் தண்ணீரைத் திருப்ப வேண்டியவர் மண்வெட்டியைக் கையில் பிடித்தபடியே நின்றார். தண்ணீர் பாதையால் ஓடியது.

“மச்சான், தம்பி ஜேர்மனியிலை இருந்து ஏதும் அனுப்பினவனோ?” என்று என்னை மெல்லக் கேட்டார்.

“பனிப் படம்தான் வந்தது.”

“ஒளிக்கிறியள்” என்றார். “கூரைக்கு ஓடு வந்திட்டுது. பேந்து நொத்தாரிசு வருவார். எனக்குத் தெரியாதே?”

அவர் தன் வளவில் பங்கர் வெட்டி, அதற்கு மேலே போட நல்ல வைரமான பனை மரத்தில் சலாகையும் தடித்த தீராந்தி விட்டமும் அறுத்து வைத்திருந்தார். நாங்கள் எல்லாருமே ஹெலிச் சத்தம் கேட்டால் ஓடுகிற காலம். அந்த மரத்தை அவர் நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றதை வேலியால் கண்டேன். பிறகு தலையை ஆட்டினார்.

“மச்சான், குண்டு வந்தாலும் வரும், வராட்டிலும் வராது. உங்கடை மனிசி கட்டாயம் வருவா.”

மரம் முழுவதும் ஒற்றி வளவுக்குப் போனது.

இப்போது ஒரு சிக்கல். கூரையில் ஏற ஆள் வேண்டும். ஊரில் கூரை வேலை தெரிந்தவர்கள் எல்லாரும் பங்கர் வேலையில் இருந்தார்கள். சிமியோன் பாய்மரத்தில் ஏறிப் பழகியவன். குணலட்சுமி அவனைப் பிடித்தாள். ஒரு மணித்தியாலத்தில் பஞ்சலிங்கமும் அவனையே பிடித்தார். ஆகவே காலையில் அக்காவுக்கு எங்கள் பக்கத்துச் சரிவு, பின்னேரம் அண்ணைக்கு அந்தப் பக்கத்துச் சரிவு என்று முறை வந்தது. காலைச் சாப்பாடு இங்கே, மத்தியானச் சாப்பாடு அங்கே.

“சிமியோன், அங்கை என்ன மரம் போடுறார்?” என்று குணலட்சுமி கீழே நின்று கேட்பாள்.

“பனை, அக்கா.”

“நல்ல பனையோ?”

“நல்ல பனை.”

“எங்கடை பக்கத்துக்கும் அதிலை ரெண்டு இழுத்துப் போடு.”

பின்னேரம் அந்தப் பக்கத்திலிருந்து குரல் வரும். “சிமியோன், அங்கை எத்தினை ஓடு மிச்சம் கிடக்கு?”

“கிடக்கு, அண்ணை.”

“இஞ்சாலை கொஞ்சம் தள்ளிவிடு பாப்பம்.”

மரம் இல்லாமல் ஓடு நிற்காது, ஓடு இல்லாமல் மரம் மழை தாங்காது. குணலட்சுமியிடம் ஓடு இருந்தது, பஞ்சலிங்கத்திடம் மரம் இருந்தது. இருவரும் ஒருவரை ஒருவர் களவெடுக்கச் சொல்லி ஒரு முழுக் கூரைக்கான சாமான்களைச் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். இதை நான் எடுத்து விளக்கப் போனேன். “ஓட்டை எடுத்துத் தாங்கோ” என்றாள் குணலட்சுமி.

யசிந்தா இடைக்கிடை வந்து மேலே பார்ப்பாள்.

“ஏணியைத் திருப்பிக் குடுக்கேல்லையே பிள்ளை?” என்று பஞ்சலிங்கம் ஒரு நாள் கேட்டார்.

“கோழி இன்னும் இறங்கேல்லை, அண்ணை. அடை கிடக்குது போலை.”

“அப்ப நிக்கட்டும், நிக்கட்டும்.”

அந்த ஏணியால்தான் சிமியோன் இரண்டு பக்கத்துக்கும் ஏறினான்.

ஐப்பசி முடியும் தறுவாயில் இரண்டு சரிவும் முடிந்தன. எங்கள் பக்கம் ஒரு கீற்று வெளிச்சம் உள்ளே வரவில்லை. அந்தப் பக்கமும் அப்படித்தான். ஆனால் நடுவில், இரண்டு சரிவும் சந்திக்கிற முகட்டில், வீட்டின் நீளத்துக்கு ஒரு சாண் ஆகாயம் தெரிந்தது.

முகட்டுக்கு வளைந்த ஓடு வேறாக வைக்க வேண்டும்; பழையவை சரிவுகளைப் பிரித்தபோது கழன்றுவிட்டன. அது இரண்டு பக்கத்து ஓட்டிலும் ஒவ்வொரு காலை வைத்துக் குதிரையில் ஏறின மாதிரி உட்காரும். அதைப் பிடித்து வைக்கச் சீமெந்து வேண்டும். சீமெந்து எங்கள் பக்கம் வரத் தடை. அதைச் சாட்டாகச் சொல்லலாம். ஆனால் உண்மையான காரணம் அந்த இரண்டு கால்தான்.

“முகட்டை நான் மூடினா அவரின்ரை சரிவையும் நான் மூடினதாப் போகும்” என்றாள் குணலட்சுமி.

“முகட்டிலை நான் கை வைச்சா அவளின்ரை ஓட்டிலை கை வைச்ச மாதிரி” என்றார் பஞ்சலிங்கம்.

அன்று பின்னேரம் நாங்கள் எல்லாரும் அந்த முற்றத்தில் நின்றோம். வடகிழக்கில் வானம் கறுத்துத் திரண்டு வந்தது. யசிந்தா பாய் தலையணையை மூட்டையாகக் கட்டித் தலையில் வைத்திருந்தாள். கடைசிப் பெட்டை அவள் இடுப்பில் இருந்து இருமியது. எல்லாருக்கும் அது கேட்டது.

“கேள் யசிந்தா,” என்றாள் குணலட்சுமி, சத்தமாக. “நீ என்ரை பக்கத்து அறையிலை படு. என்ரை பக்கம் ஒரு சொட்டும் ஒழுகாது. நான் சொல்லுறன், இரு.”

பஞ்சலிங்கத்துக்கு இடி விழுந்த மாதிரி. வீட்டில் குணலட்சுமி வைத்த ஆள் இருந்தால், நாளைக்கு அது குணலட்சுமியின் கையில் இருக்கிற வீடாகிவிடுமே. இடுப்பில் தடவித் திறப்பை எடுத்தார்.

“என்ன கதை! திறப்பு என்ரை. பிள்ளை, நீ என்ரை பக்கத்து அறையிலை படு. அது காத்தோட்டமான அறை. இந்தா, திறப்பைப் பிடி.”

“காத்தோட்டம் எதுக்கு? பிள்ளைக்கு முட்டு!”

“உன்ரை அறையிலை யன்னலே இல்லை!”

ஒரு மாதமாக ஒரு “இரு” கிடைக்காதவளுக்கு ஒரே நிமிடத்தில் இரண்டு “இரு” கிடைத்தன. அவள் திறப்பை வாங்கினாள். கதவைத் திறந்தாள். அதே நேரம் முதல் பெருந்துளிகள் முற்றத்துப் புழுதியில் விழுந்தன. கூடத்தின் நடுவில், அந்த ஒரு சாண் ஆகாயத்துக்கு நேரே கீழே, தண்ணீர் ஒரு கோடாக விழத் தொடங்கியது. நிலத்தில் விழுந்தால் அது ஒரு பக்கத்தில் நிற்காது. இரண்டு அறைக்கும் ஓடும்.

“முகடு...” என்றார் பஞ்சலிங்கம்.

“நீங்கள் வையுங்கோவன்” என்றாள் குணலட்சுமி.

“நீ வையன்.”

சிமியோன் விறாந்தைக்கு ஓடிப் போய்த் தன் வள்ளத்துப் பாயைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். ஏணியால் ஏறினான். முகட்டின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை பாயை விரித்து, இரண்டு சரிவிலும் தொங்கவிட்டு, விளிம்புகளைக் கயிற்றால் இழுத்து நாலு மூலையிலும் கைமரத்தில் கட்டினான். காற்று ஒரு முறை உள்ளே புகுந்து பாயை உப்பச் செய்தது. ஒரு கணம் வீடு துறையை விட்டுப் புறப்படப்போகிற மாதிரி இருந்தது. அவன் இன்னொரு முடிச்சுப் போட்டான். பாய் அடங்கியது.

உள்ளே தண்ணீர்க் கோடு துளியாகி, பிறகு நின்றது.

மழை கொட்டியது. நாங்கள் எல்லாரும் கூடத்துக்குள் நின்று மேலே பார்த்தோம். யசிந்தா இந்த அறைக்கும் போகவில்லை, அந்த அறைக்கும் போகவில்லை. கூடத்தின் நடுவில் நிலத்தைத் துடைத்து, படுக்கிற பாயை விரித்துப் பெட்டையைக் கிடத்தினாள். பெட்டை மேலே தெரிந்த சீலையைக் காட்டி, “அப்பாவின்ரை பாய்” என்றது. கொஞ்ச நேரத்தில் மூச்சு இழுப்பில்லாமல் தூங்கிவிட்டது.

பஞ்சலிங்கம் தொண்டையைச் செருமினார்.

“மச்சான், ஒரு கேள்வி. ஒரு சரிவு அவளின்ரை. மற்றது என்ரை. சரி. முகடு இப்ப ஆரின்ரை?”

“சிமியோனின்ரை” என்றேன். “நீங்கள் வீட்டைப் பிரிக்கிறதெண்டாலும் மீட்கிறதெண்டாலும் முதலிலை பாயை அவிழ்க்க வேணும். பாயை அவிழ்க்கிறதெண்டால் அவனைக் கேட்க வேணும். அவன் அவிழ்க்கிறதெண்டால் கடலுக்குப் போக வழி வர வேணும். ஆகவே சட்டப்படி பாத்தா...”

“தொடங்கிட்டார்” என்றாள் குணலட்சுமி. ஆனால் இந்த முறை அவள் சிரித்தாள். பஞ்சலிங்கமும் சிரித்துவிட்டு, உடனே நிறுத்தினார்.

“அப்ப என்ரை ஏணியைத் தாருங்கோ. நான் போறன்.”

“மாதாவே, இந்த மழைக்கையோ?” என்றாள் யசிந்தா. “கோழி இன்னும் இறங்கேல்லை, அண்ணை. பாய்க்குக் கீழை பாவம், அடை கிடக்குது. முடிச்சு ஏதும் இளகினாலும் அவர் ஏற வேணுமெல்லோ. ஏணி நிக்கட்டும்.”

“கோழியும் என்ரை பக்கத்து ஓட்டிலையோ?”

“நடுவிலை, அண்ணை.”

அவர் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு தன் பக்கத்தால் போனார். குணலட்சுமி குடையோடு எங்கள் பக்கத்தால் வந்தாள். நான் சற்றுப் பிந்தி, நனைந்துகொண்டே விறாந்தையில் ஏறினேன்.

சாரல் விறாந்தையின் பாதிவரை அடித்திருந்தது. மூலையில் யசிந்தா விட்டுப்போன கடகம். அதன் மேல் மூடியிருந்த பழைய சீலை காற்றில் விலகியிருந்தது. உள்ளே வைக்கோலும், வைக்கோலில் ஐந்தாறு முட்டைகளும், முட்டைகளின் மேல் இறகைப் பரப்பிக்கொண்டு அந்தக் கோழியும் இருந்தன. நல்ல காய்ந்த வைக்கோல். பல நாளாக அங்கேயே இருந்திருக்கிறது.

“அங்கை என்ன பாக்கிறியள்?” என்று உள்ளேயிருந்து குணலட்சுமி கேட்டாள்.

“ஒண்டுமில்லை. சாரல் அடிக்குது” என்றேன்.

கடகத்தைச் சுவரோடு தள்ளி வைத்து, சீலையைக் கோழியின் கழுத்துவரை இழுத்து மூடிவிட்டேன்.